வாராவாரம் வரைகிறோம், ஆனால் வியாழனின் நிலவுகள் நகரவே மாட்டேங்குதே?

அந்திவானம்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பத்தாம் வகுப்பு மாணவி. எங்க பள்ளி வானியல் மன்றம் வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் 7 மணிக்குக் கூடும். 114 மி.மீ. ஆடியும் 900 மி.மீ. குவிதூரமும் உள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கி ஒண்ணு இருக்கு. ஈக்வடோரியல் மவுண்ட் (வானம் நகர்றதைக் குமிழைத் திருப்பிப் பின்தொடரற தாங்கி), 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ் (கண்ணை வெச்சுப் பார்க்கற வில்லை), 3 மடங்கு பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டற வில்லை). நாங்க இருபது பேர்.

வியாழனோட நாலு பெரிய நிலவுகளும் எத்தனை நாள்ல ஒரு சுற்று சுத்துதுன்னு நாங்களே வரைஞ்சு கண்டுபிடிக்கணும், இதுதான் இந்தப் பருவத்து வேலை. ஆனா ஒவ்வொரு வாரமும் வரைஞ்சதை அடுக்கி வெச்சுப் பார்த்தா, மூணு நிலவு ஏறக்குறைய போன வாரம் இருந்த இடத்துலயே இருக்கு. ஒண்ணு மட்டும் இஷ்டத்துக்குத் தாவுது. அயோ ரெண்டே நாளுக்குள்ள சுத்தி வந்துடும்னு புத்தகத்துல இருக்கு. அப்போ நாங்க வரையறதுல எங்க தப்பு?

இன்னும் ரெண்டு சந்தேகம். பார்லோ போட்டா வியாழன் பெருசாகுது, ஆனா கலங்கின உருண்டையாத்தான் தெரியுது. வரிசையில அஞ்சாவது ஆள் வர்றதுக்குள்ள வியாழன் ஐபீஸை விட்டே போயிடுது. பாதிப் பேர் ஒண்ணும் பார்க்காமலே "தெரியுது மிஸ்"னு சொல்லிட்டு நகர்ந்துடறாங்க. வெறுமனே எட்டிப் பார்க்காம உருப்படியா ஏதாவது கத்துக்கணும்னா என்ன செய்யலாம்?

கோணமானி:

உங்க படங்கள்ல தப்பே இல்லை தங்கச்சி. வெள்ளிக்கிழமைதான் தப்பு.

சுற்றுக்காலங்களைப் பாருங்க: அயோ 1.77 நாள், யூரோபா 3.55, கானிமீட் 7.15, காலிஸ்டோ 16.69. இப்போ 7 நாள்ல ஒவ்வொண்ணும் எத்தனை சுற்று போகும்னு வகுத்துப் பாருங்க. அயோ 3.96 சுற்று. யூரோபா 1.97. கானிமீட் 0.98. மூணுமே முழு எண்ணுக்கு மயிரிழை குறைவு. அதாவது சரியா ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா அயோ தன் பழைய இடத்துக்குச் சுமார் 15 டிகிரி பின்னால, யூரோபா 10 டிகிரி பின்னால, கானிமீட் 8 டிகிரி பின்னால நிக்கும். காலிஸ்டோ மட்டும் 0.42 சுற்று போய் ஏறக்குறைய எதிர்ப்பக்கத்துல நிக்கும். நீங்க தாவுதுன்னு சொன்னது அதுதான்.

இது வெறும் தற்செயலும் இல்லை. முதல் மூணு நிலவும் ஒண்ணையொண்ணு ஈர்த்து 1 : 2 : 4 என்ற கணக்குல பூட்டிக்கிட்டு ஓடுது. அதனால கானிமீட் ஒரு சுற்று முடிக்கும்போது யூரோபா ரெண்டு, அயோ நாலு முடிச்சிருக்கும். அந்தப் பொதுக்காலம் நம்ம வாரத்தோட ஒட்டி வந்ததுதான் தற்செயல். உங்க வாராந்திரப் படங்களை மட்டும் நம்பி வரைபடம் போட்டா, கானிமீட் பின்பக்கமா நகர்ந்து ஒரு சுற்று முடிக்க 40 வாரத்துக்கு மேல ஆகும்னு வரும். கணக்கு அழகா இருக்கும், விடை முழுப் பொய்யா இருக்கும். வேகமா மாறுற ஒண்ணை இடைவெளி விட்டு அளந்தா இப்படி ஒரு போலிக் காலம் கிடைக்கும். மன்றத்துல பேசறதுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது, அந்தப் பழைய படங்களைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

கலிலியோ 1610 ஜனவரி 7-இல் ஆரம்பிச்சு மார்ச் 2 வரைக்கும் மேகமில்லாத இரவெல்லாம் பார்த்தார், சில இரவுகள்ல ஒரு தடவைக்கு மேலயும். ராத்திரிக்கு ராத்திரி தொடர்ந்து வரைஞ்சதாலதான் அவை வியாழனைச் சுத்துதுன்னு அவருக்குப் பிடிபட்டது.

நீங்க செய்ய வேண்டியது ரெண்டு.

முதல்ல அயோ. ஏதாவது ஒரு மாலை மூணு மணி நேரம் இருக்க அனுமதி வாங்குங்க. 20 நிமிஷத்துக்கு ஒரு படம். அயோ மணிக்கு 8.5 டிகிரி சுத்துது, மூணு மணி நேரத்துல 25 டிகிரி. அது வியாழனுக்குப் பக்கத்துல இருக்கும்போது வியாழனோட விட்டத்தைவிட அதிக தூரம் நகர்ந்திருக்கும், கண்ணாலயே தெரியும். ஆனா அயோ தூரத்து முனையில திரும்பிக்கிட்டிருக்கிற மாலையைத் தேர்ந்தெடுத்தா அசையாத மாதிரிதான் இருக்கும். நம்ம பார்வைக்கோட்டுக்கு நேரா வர்றதும் போறதுமா இருக்கிற நேரம் அது. எந்த மாலை சரிப்படும்னு ஸ்டெல்லேரியம்ங்கிற வானியல் மென்பொருள்ல முன்கூட்டியே உங்க ஆசிரியர் மட்டும் பார்த்து வெச்சுக்கட்டும். நீங்க வரைஞ்சு முடிச்ச பிறகு சரிபார்க்கலாம். முதல்லயே பார்த்துட்டா பென்சில் மென்பொருள் சொன்ன இடத்துக்குத்தான் போகும்.

ரெண்டாவது, கானிமீடும் காலிஸ்டோவும். இதுக்கு ஒரு மூணு வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது ஒரு படம் வேணும். தொலைநோக்கியே தேவையில்லை. 10×50 பைனாகுலரைக் கையில பிடிக்காம முக்காலியிலயோ மதில்மேலயோ அசையாம ஊன்றி வெச்சா இந்த ரெண்டும் நல்லாத் தெரியும். யூரோபா சில நாள் தெரியும். அயோ வியாழனை விட்டு 2 கலைக்குச் (ஒரு கலைன்னா டிகிரியில 60-இல் ஒரு பங்கு) சற்று மேல் விலகாது, அந்தப் பிரகாசத்துலயே மறைஞ்சுடும். இருபது பேர்ல ரெண்டு ரெண்டு பேரா இரவுகளைப் பங்கு போட்டா ஆளுக்கு ஓரிரு இரவுதான் வரும்.

வரையற தாளை முன்னாடியே அச்சடிச்சு வெச்சுக்குங்க. நடுவுல 5 மி.மீ. விட்டமுள்ள வட்டம், அதுதான் வியாழன். அதோட ரெண்டு பக்கமும் 7 செ.மீ. கோடு. காலிஸ்டோ அதிகபட்சம் 13 விட்ட தூரம் போகும், 6.5 செ.மீ.-ல அடங்கிடும். தேதி, நிமிஷம் வரைக்கும் நேரம், எந்த ஐபீஸ், வரைஞ்சவர் பேரு. இது நாலும் இல்லாத படத்தைக் கணக்குல சேர்க்காதீங்க.

இன்னொண்ணு, திசை. நியூட்டன் தொலைநோக்கியில பிம்பம் 180 டிகிரி திரும்பித் தெரியும். கூட வர்ற நிமிர்த்தும் ஐபீஸைப் போட்டா மறுபடியும் மாறும். வெறும் பைனாகுலர்ல நேரா இருக்கும். இடது, வலதுன்னு எழுதினா இருபது பேர் படமும் கலந்து குழம்பிப் போகும். குமிழைத் தொடாம விட்டா வியாழன் எந்தப் பக்கம் ஓடுதோ அது மேற்கு. ஒவ்வொரு படத்துலயும் அம்புக்குறி போட்டு மேற்குன்னு எழுதுங்க.

குவியாடி:

கலங்கலுக்குக் காரணம் பார்லோ. 900ஐ 10ஆல் வகுத்தால் 90 மடங்கு. அதன்மேல் 3 மடங்கு பார்லோ போட்டால் 270. ஆடியின் விட்டத்தை மி.மீ.இல் எடுத்து இரட்டிப்பாக்கினால் வருவதுதான் அதிகபட்ச உருப்பெருக்கம். உங்களுக்கு 228. அதுவும் காற்று அசையாமல் நிற்கும் இரவுகளில். 270இல் விவரம் கூடாது, மங்கலும் நடுக்கமும்தான் பெரிதாகும். பார்லோவைப் பெட்டியிலேயே விடுங்கள். நிலவுகளை வரைய 90 மடங்கே தாராளம்: பார்வைப்புலம் 33 கலை அளவுக்கு வரும், காலிஸ்டோ இரு முனைக்கும் போய் வர 20 கலை போதும்.

90 மடங்கிலும் கலங்கினால் பார்க்க வேண்டியவை:

தொலைநோக்கியை அறையிலிருந்து எடுத்ததும் பார்க்காதீர்கள். ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர 30 முதல் 45 நிமிடம் ஆகும். அதுவரை குழாய்க்குள் வெதுவெதுப்பான காற்று நெளியும். 7 மணிக்குக் கூட்டம் என்றால் 6.15க்கே வெளியே வைத்துவிடுங்கள், மூடியைக் கழற்றி.

கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வாங்கிய வெயிலை மாலையில் உமிழும். மண்தரையோ புல்தரையோ இருந்தால் அங்கே நிறுத்துங்கள். வியாழன் அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் எந்தத் தொலைநோக்கியிலும் நடுங்கும். அது உங்கள் குற்றமில்லை.

ஆடிகளின் ஒழுங்கமைவு, அதாவது கொலிமேஷன். பிரகாசமான ஒரு விண்மீனைப் புலத்தின் நடுவில் வைத்து, ஃபோகஸைச் சற்று விலக்குங்கள். வளையங்களும் நடுவிலுள்ள கருநிழலும் ஒரே மையத்தில் இருந்தால் ஆடியைத் தொட வேண்டாம். நிழல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பின்பக்கத் திருகுகளில் ஒன்றைக் கால் சுற்று மட்டும் திருப்பி, விண்மீனை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். இரண்டு திருகுகளை ஒரே நேரத்தில் திருப்பினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. 114/900 சற்றுப் பொறுத்துப்போகும் அமைப்பு. ஒரு தடவை சரியாக வைத்துவிட்டால் வெகுநாள் தாங்கும்.

குழாயின் நீளத்தையும் அளந்து பாருங்கள். 90 செ.மீ. அளவில் இருந்தால் சரி. குவிதூரம் 900 அல்லது 1000 என்று எழுதியிருந்தும் குழாய் 50 செ.மீ. போலக் குட்டையாக இருந்தால் ஃபோகஸருக்குள் ஒரு திருத்து வில்லை ஒளிந்திருக்கிறது என்று பொருள். அந்த வகையில் உயர் உருப்பெருக்கத்தில் கூர்மை கிடைப்பதே அரிது, வழக்கமான கொலிமேஷன் முறையும் அதில் சரிவராது.

ஃபைண்டரை (குழாயின்மேல் உள்ள, குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி) இருட்டில் சரிசெய்ய முயலாதீர்கள். பகலில், அரை கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு கோபுர உச்சியையோ கம்பத்தின் நுனியையோ 25 மி.மீ. ஐபீஸில் நடுவில் வைத்து, ஃபைண்டரின் குறுக்குக் கம்பிகளை அதன்மேல் கொண்டுவாருங்கள். பிறகு 10 மி.மீ. போட்டு ஒருமுறை. சூரியன் இருக்கும் பக்கம் திரும்பவே கூடாது.

கடைசியாக, மவுண்டின் துருவ அச்சைச் சாய்வு அளவுகோலில் உங்கள் ஊரின் அட்சரேகைக்கு வைத்துத் துருவத்தை நோக்கி நிறுத்துங்கள். பிறகு ஒரே ஒரு குமிழைச் சுழற்றினால் வியாழன் புலத்தைவிட்டுப் போகாது.

நிழற்கோல்:

குவியாடி சொன்னதெல்லாம் சரி, ஆனால் மன்ற நேரத்தில் துருவ அச்சைத் துல்லியமாக்குகிறேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அச்சு 5 டிகிரி தவறாக இருந்தாலும் பொருள் நகர்வது மணிக்கு அதிகபட்சம் 1.3 டிகிரிதான். 90 மடங்கில்கூட நடுவிலிருந்து விளிம்புக்குப் போக 12 நிமிடம் ஆகும். திசைகாட்டியை வைத்துக் குத்துமதிப்பாக நிறுத்தினால் போதும். திசைகாட்டிக்கு அருகில் இரும்பு எதிர்எடையைக் கொண்டுவராமல் இருந்தால் சரி.

வரிசைச் சிக்கலுக்கு வருகிறேன். குமிழைத் தொடாவிட்டால் வானம் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி ஓடும். 25 மி.மீ. ஐபீஸில் புலம் சுமார் 1.4 டிகிரி, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஐந்தரை நிமிடம். 10 மி.மீ.இல் இரண்டேகால் நிமிடம்தான். பெரும்பாலான மன்றங்களில் பொருளை நடுவில் வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுகிறார்கள். அப்போதே பாதி நேரம் போய்விடுகிறது. கிழக்கு ஓரத்தில் வையுங்கள். அது நடுவை நோக்கித் தானாக வரும்.

ஒருவர் குமிழுக்குப் பொறுப்பு, இரண்டு ஆளுக்கு ஒருமுறை திருத்துவது அவர் வேலை. பார்ப்பவர் குழாயையோ முக்காலியையோ பிடிக்கக் கூடாது. முக்காலியின் கால்களை முழுநீளத்துக்கு இழுக்காமல் வைத்தால் ஆட்டம் பாதியாகக் குறையும். ஐபீஸ் உயரம் எட்டாத சின்னவர்களுக்கு ஒரு படிப்பலகை போடுங்கள். இல்லையென்றால் கண்டிப்பாகக் குழாயைப் பிடித்துத் தொங்குவார்கள்.

"தெரியுது மிஸ்" என்பதற்கு மருந்து ஃபோகஸ் குமிழ். முன்னால் பார்த்தவர் கண்ணாடி போட்டவராக இருந்து, கழற்றிவிட்டுத் தன் கண்ணுக்கு ஃபோகஸ் செய்திருந்தால் அடுத்தவருக்கு வெறும் வெள்ளைத் திட்டுதான் தெரியும். அதை அவர் கேட்கக் கூச்சப்படுவார். ஒவ்வொருவரும் தானே ஃபோகஸ் செய்துகொள்ள வேண்டும் என்பதை விதியாக்குங்கள். கிட்டப்பார்வை மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கலாம். புள்ளி கோடாகத் தெரிகிற உருட்சிப் பிழை உள்ளவர்கள் கண்ணாடியோடே பார்க்கட்டும், அதை ஃபோகஸால் சரிசெய்ய முடியாது. பிறகு "தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள். "மேற்குப் பக்கம் எத்தனை புள்ளி?" என்று கேளுங்கள்.

புள்ளி நான்கு வராவிட்டால் பயப்பட வேண்டாம். ஒன்று வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும், அல்லது அதன் நிழலில் மூழ்கியிருக்கும். நிழலில் மூழ்குவது விளிம்பைவிட்டுத் தள்ளியே நடக்கும். வியாழன் எதிர்நிலைக்கு (பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்) வருமுன் மேற்குப் பக்கம், எதிர்நிலைக்குப் பின் கிழக்குப் பக்கம். கண்முன்னே இருந்த புள்ளி சில நிமிடங்களில் மங்கி அணைவதைப் பார்க்கலாம். ஐந்து புள்ளி வந்தால் ஒன்று பின்னணி விண்மீன். பெரும்பாலும் கோட்டைவிட்டு விலகி நிற்கும்.

எது எந்த நிலவு என்பதற்கு ஒரு துணை: கானிமீட் எல்லாவற்றிலும் பிரகாசம், காலிஸ்டோ எல்லாவற்றிலும் மங்கல். வியாழனுக்கு மிக அருகில் இருக்கும்போது மட்டும் இந்தக் கணிப்பை நம்பாதீர்கள்.

கோணமானி:

தூரத்தைக் கண்ணால மதிப்பிடறது நிலவு தள்ளிப் போகப் போகத் தப்பும். ஒரு நிறுத்துக்கடிகாரம் இருந்தா இன்னும் நல்லா அளக்கலாம். 25 மி.மீ. ஐபீஸோட கீழ்க்குழாயை எட்டிப் பார்த்தா உள்ளே ஒரு வளையம் தெரியும், புலத்தோட விளிம்பு அதுதான். அதுக்கு நடுவுல குறுக்கா 0.1 மி.மீ. செப்புக் கம்பி ஒண்ணை ஒட்டணும். வில்லையைத் தொடாம, ஆசிரியர் கையால. அந்தக் கம்பி வானத்துல 23 விகலை (விகலைன்னா கலையில 60-இல் ஒரு பங்கு) அகலம். ஐபீஸைத் திருப்பி, வியாழன் ஓடுற திசைக்குக் கம்பி செங்குத்தா இருக்கும்படி வையுங்க. குமிழை விடுங்க. நிலவு கம்பிக்குப் பின்னால ஒன்றரை நொடி அணையும், அந்த அணைப்போட நடுக்கணத்தைக் குறிச்சுக்குங்க. வியாழன் மறையாது, கம்பி அதைச் சரிபாதியா வெட்டுற கணத்தைக் குறிச்சுக்குங்க. ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நொடியோ, நொடிக்கு 15 விகலை. காலிஸ்டோ தூர முனையில இருந்தா சுமார் 40 நொடி வரும். வியாழனோட வட்டு கடக்கவே 3 நொடி ஆகும். அஞ்சு தடவை எடுத்துச் சராசரி போடுங்க.

நிலவுகளோட கோடு கிழக்கு மேற்குக்கு அதிகபட்சம் 20 சொச்சம் டிகிரி சாய்ஞ்சிருக்கலாம். அந்த அளவுக்குத் தூரம் 8% வரை குறைச்சலா வரும். எல்லா நிலவுக்கும் ஒரே விகிதத்துல குறையறதால ஒப்பீடு கெடாது.

கடைசியில தூரத்தோட மும்மடியைக் காலத்தோட வர்க்கத்தால வகுங்க. தூரம் வியாழனோட விட்டக் கணக்குல, காலம் நாள் கணக்குல இருக்கட்டும். அயோ 2.95, யூரோபா 4.7, கானிமீட் 7.5, காலிஸ்டோ 13.15 விட்டம். நாலுக்கும் 8.2ஐ ஒட்டி வரணும். தூரத்துல 5% பிழை இருந்தா மும்மடியில 15% ஆயிடும், அதனால 7இல இருந்து 9.5 வரைக்கும் வந்தா ஒழுங்கா அளந்திருக்கீங்கன்னு அர்த்தம். நாலும் அச்சு அசலா 8.2 வந்தா யாரோ புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்காங்க.

அந்திவானம்:

ரொம்ப நன்றி! 3.96, 1.97, 0.98 கணக்கைப் போட்டுக் காட்டினதும் மிஸ்ஸே ஆச்சரியப்பட்டுட்டாங்க. மூணு வாரத்து முறை போட்டாச்சு. ஒரு சந்தேகம்: சில பேருக்கு வீட்டுல ராத்திரி வெளியே விட மாட்டாங்க. அவங்க பகல்லயே செய்யற மாதிரி ஏதாவது இருக்கா? எங்ககிட்ட ஐபீஸ்ல திருகி மாட்டற கறுப்புக் கண்ணாடி ஒண்ணு இருக்கு, "சூரியன்"னு எழுதியிருக்கு. அதை வெச்சுப் பார்க்கலாமா?

நிழற்கோல்:

கூடவே கூடாது. அதை இன்றே ஆசிரியரிடம் கொடுத்து உடைத்துப் போடச் சொல்லுங்கள். 114 மி.மீ. ஆடி திரட்டிய வெப்பம் முழுவதும் குவிகிற இடத்துக்குப் பக்கத்தில் அது உட்காருகிறது. சூட்டில் விரிசல் விட்டால் கண்ணை எடுக்க நேரமே இருக்காது.

பகல் குழுவுக்குச் சூரியப் புள்ளிகள்தான் பொருத்தம், பள்ளி நாள்களுக்கென்றே அமைந்த வேலை. ஒரு புள்ளி சூரிய வட்டைக் கடக்கச் சுமார் 13 நாள். மதிய இடைவேளையில் தினமும் 10 செ.மீ. வட்டத்தில் ஒரு படம் வரைந்தால், சனி ஞாயிறு விட்டுப்போனாலும் அதே புள்ளியை அடுத்த வாரம் அடையாளம் கண்டுகொள்ளலாம். பூமியிலிருந்து பார்க்க ஒரு சுற்றுக்குச் சுமார் 27 நாள் என்ற விடை வந்துவிடும். நடுவட்டில் புள்ளி வேகமாக நகர்வது போலவும் ஓரத்தில் தயங்குவது போலவும் தெரியும். உருண்டையின்மேல் இருப்பதால் அப்படி.

இதற்குக் குழாயின் முன்வாயை முழுக்க மூடும் சூரியப் படலம் வேண்டும். பார்வைக்கென்று விற்கும், ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடுகிற வகை. புகைப்படத்துக்கென்று விற்கும் மெல்லிய வகை வேண்டாம். ஃபைண்டரைக் கழற்றிவிடுங்கள், மூடி போட்டால்கூட யாராவது திறப்பார்கள். சூரியனைப் பிடிக்க ஃபைண்டர் தேவையுமில்லை: தரையில் விழும் குழாயின் நிழல் மிகச் சிறிய வட்டமாகும்வரை திருப்பினால் போதும். 25 மி.மீ. ஐபீஸில் முழு வட்டும் அடங்கும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் தொலைநோக்கி வெளியே நிற்கக் கூடாது.

திரையில் விழச்செய்து பார்க்கும் முறையை உங்கள் 114இல் செய்யாதீர்கள். துணை ஆடியின் பிடியும் ஐபீஸின் பிளாஸ்டிக் பாகங்களும் சூட்டில் கெடும். அதற்கு 50, 60 மி.மீ. வில்லைத் தொலைநோக்கி ஏற்றது.

குவியாடி:

படலத்தைப் பற்றி மட்டும். ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் ஒரு பிரகாசமான விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை போல ஒளிப்புள்ளி எங்காவது தெரிந்தால் அந்தப் படலம் குப்பைக்கு. அட்டைச் சட்டத்தில் ஒட்டும்போது முரசுத்தோல் போல இறுக்கி இழுக்காதீர்கள், பிம்பம் கோணும். லேசான சுருக்கங்களோடு தளர்வாக இருப்பதே சரி. சட்டம் குழாய்க்குமேல் 5 செ.மீ.யாவது இறங்கி இறுக்கமாக உட்கார வேண்டும். அதன்மேல் மூன்று இடத்தில் நாடா ஒட்டுங்கள், காற்று தூக்கிவிடும்.